வெண்கரையின் கடைசி இருக்கை

தீர்மானத்தை அனுப்பிவிட்டு அவன் காத்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஓசூரில் அவன் வாடகைக்கு இருந்த அறை. மேஜையில் எலுமிச்சைச் சாதப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது.

வெண்கரைக் குடியரசு விழ வேண்டாம். அதுதான் தீர்மானம்.

தொலைக்காட்சித் தொடரில் அது எப்போதோ விழுந்துவிட்டது. தளபதி ஒருவன் வாளோடு சபைக்குள் வந்தான், முடி சூட்டிக்கொண்டான், முடிந்தது. ஒரு குடியரசு பேரரசாவது இவ்வளவு சுலபமா என்று ரசிகர்களுக்குப் பொறுக்கவில்லை. நாமே ஒழுங்காக எழுதுவோம் என்று வாட்ஸ்அப்பில் குழு தொடங்கினார்கள். தொடங்கியவன் அவன்தான்.

பன்னிரண்டு பேர். ஆளுக்கொரு ஊர். வெண்கரைச் சபையில் ஆளுக்கொரு இருக்கை. கதை எந்தப் பக்கம் திரும்பினாலும் ஓட்டெடுப்பு. கடைசியில் ஆதரவு இத்தனை, எதிர்ப்பு இத்தனை என்று அவன் முடிவைப் போடுவான்.

வர முடியாதவர் தன் இருக்கையை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் போகலாம். கதை நின்றுவிடக் கூடாதல்லவா? அந்த விதியும் அவன் கொண்டுவந்ததுதான்.

அதை ஜெசிந்தா மட்டும் எதிர்த்தாள்.

நாகர்கோவில்காரி. நேரில் பார்த்ததில்லை. கப்பற்படைக்கு வரி போட்டால் எதிர்ப்பாள், வரியை நீக்கினாலும் எதிர்ப்பாள். அவளோடு மல்லுக்கு நிற்பதற்காகவே வேலை முடிந்ததும் அறைக்கு ஓடி வந்திருக்கிறான்.

பிறகு ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். சண்டை ஒன்றுமில்லை. ஒருவனுக்குக் கல்யாணம். ஒருவன் தோஹா போனான். ஒருத்திக்குக் குழந்தை பிறந்தது. என் சீட்டையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் தலைவா என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

அப்போதெல்லாம் அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இப்போது ஜெசிந்தாவின் இருக்கையைத் தவிர எல்லாம் அவன் கையில். குழுவில் பெயர்கள் இருந்தன, ஆட்கள் இல்லை. அவள் எதிர்த்தாலும் தீர்மானம் ஜெயிக்கும்.

ஆனால் அவள் எதிர்க்க வேண்டும். இந்த ஊரில் அவனோடு பேச வேறு யாரும் இல்லை.

போன் ஒளிர்ந்தது.

"புது வேலைல சேந்துட்டேன் அண்ணா. இனி நேரம் கெடைக்காது. என் ஓட்டையும் நீங்களே போட்டுருங்க."

அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வாள் இல்லை. தளபதி இல்லை. யாரும் யாரையும் மிரட்டவில்லை. எப்படி விழும், எப்படி விழும் என்று எத்தனை வருஷம் அடித்துக்கொண்டார்கள். இப்படித்தான்.

அதைச் சொல்லத்தான் சபையில் ஆள் இல்லை.

தீர்மானத்தைத் திரும்பப் பெற்றான். புதிதாக ஒன்றை எழுதினான்.

உறுப்பினர் ஜெசிந்தாவின் இருக்கையை இந்தச் சபை யாருக்கும் தராது. அவருக்கு நேரம் கிடைக்கும்வரை சபை ஒத்திவைக்கப்படுகிறது.

தன்னிடமிருந்த ஓட்டுகளையெல்லாம் ஆதரவாகப் போட்டான்.

ஒரு டிக். நெடுநேரம் ஒரே டிக்.

கீழே தெருவில் யாரோ பைக்கை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள். அது கிளம்பவில்லை.

இரண்டு டிக்.

அவள் ஏதோ எழுதினாள். நிறுத்தினாள். மறுபடி எழுதினாள்.

"எதிர்க்கிறேன்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். வழக்கம்போல முடிவைப் போட்டான்.

ஆதரவு பதினொன்று. எதிர்ப்பு ஒன்று.