கூடுதல் எடை

"இருக்கிறதுலயே பெரிய பாராசூட்டா எடுத்துக் காட்டுங்க தம்பி. இவ நல்ல குண்டு."

கடையில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மகளுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"அம்மா! மானத்தை வாங்காத. உன்னைக் கூட்டிட்டு வந்ததே தப்பு."

"நீ எங்கடி கூட்டிட்டு வந்த? நானாத்தான் தொத்திக்கிட்டு வந்தேன்."

அது உண்மைதான். மகள் விமானத்திலிருந்து குதிக்கிறாள் என்பதிலேயே அம்மா பாதி செத்திருந்தாள். இப்போது விங்சூட்டாம். கைக்கும் இடுப்புக்கும் நடுவே, இரண்டு காலுக்கும் நடுவே துணி வைத்துத் தைத்த உடை. வௌவால் மாதிரி பறந்துவிட்டு, கடைசியில் பாராசூட்டை விரித்து இறங்க வேண்டும். அந்தப் பாராசூட்டை வாங்கத்தான் வந்திருந்தார்கள்.

அலமாரியில் கைக்கு அடக்கமாக மடித்து வைத்திருந்த சிவப்பு ஒன்றை மகள் காட்டினாள்.

"அதுதான் சார் வேணும். எங்கூடப் பறக்கறவங்க எல்லாரும் அதான் வெச்சிருக்காங்க. சின்னது, சட்டுனு திரும்பும்."

கடைக்காரர் ஒரு காலை இழுத்து இழுத்து நடந்துபோய் அதை எடுத்து வந்தார்.

"விங்சூட்டுக்கு இது வேணாமேம்மா. பறக்கறப்ப உன் முதுகுக்குப் பின்னால காத்து கலங்கிக் கிடக்கும். பாராசூட் கோணலா விரியும், கயிறு முறுக்கிக்கும். பெருசா இருந்தா, நீ முறுக்கை எடுக்கற வரைக்கும் பொறுமையா நிக்கும். இது பம்பரமா சுத்தும். கையும் காலும் துணிக்குள்ள மாட்டியிருக்கு, என்ன பண்ணுவ?"

"அதெல்லாம் சமாளிச்சுக்குவேன் சார்."

"பாத்தீங்களா தம்பி, திமிரை? நீங்க பேசாம பெருசைக் கட்டிக் குடுங்க. இவளை நான் பாத்துக்கறேன்."

கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

"உங்க ஆசைக்குக் குடுக்க இது என்ன போர்வைக் கடையாம்மா? எடைதான் முடிவு பண்ணும். எல்லாம் மாட்டிக்கிட்டு எண்பது கிலோவுக்குள்ள இருந்தா சிவப்பு. தாண்டினா கிடையாது."

மகள் சிரித்துவிட்டாள். "காலைலதான் பாத்தேன் சார். எல்லாம் மாட்டிக்கிட்டே எழுபத்தெட்டு."

அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு நேரம் பிள்ளைமேல் அக்கறை இருக்கிற மாதிரி பேசினானே, கடைசியில் வியாபாரிதானே! சரக்கு போனால் போதும், பிள்ளை போனால் இவனுக்கென்ன?

மகள் உடையை மாட்டி, ஹெல்மெட் வைத்து, பாராசூட் பையையும் முதுகில் கட்டிக்கொண்டு எடை மெஷினில் ஏறினாள். காலுக்கு நடுவே தைத்திருந்த துணி மெஷினையே மூடிக்கொண்டு தரையில் விழுந்தது.

அம்மா பின்னால் போய் ஒட்டி நின்றாள்.

"பை கோணலா இருக்குடி. ஆடாம நில்லு."

வாரை இழுத்துவிடுகிற சாக்கில் ஒரு செருப்பைக் கழற்றினாள். துணிக்கு அடியில் காலை நீட்டி, பெருவிரலை மெஷினின் ஓரத்தில் வைத்து மெதுவாக அமுக்கினாள். பழக்கடையில் தராசு கொஞ்சம் சாய்ந்தாலே சண்டைக்குப் போகிறவள் அவள்.

"எண்பத்தஞ்சு" என்றார் கடைக்காரர்.

"என்ன! காலைல பாத்தேனே சார்!"

"வீட்டு மெஷின் உனக்குப் பயந்துக்கிட்டுச் சொல்லியிருக்கும்" என்றாள் அம்மா.

கடைக்காரர் எண்ணைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். சிவப்பைத் தள்ளி வைத்துவிட்டு, மங்கலான நீலத்தில் பெரிய மூட்டையாக இருந்த ஒன்றை எடுத்து வைத்தார்.

மகள் வாதாடிப் பார்த்தாள். கடைக்காரர் மெஷினைக் கை காட்டினார். மறுபடி ஏறுகிறேன் என்றாள். அம்மா மறுபடியும் வாரைச் சரிசெய்தாள். மறுபடியும் எண்பத்தைந்துதான்.

"இதை மாட்டிக்கிட்டுப் போனா கூடாரம் போட வந்திருக்கேன்னு சிரிப்பாங்க" என்று முணுமுணுத்தபடி மகள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

சிரிக்கட்டுமே. உயிரோடு இருந்தால்தானே சிரிப்பைக் கேட்க முடியும்? அம்மா நிம்மதியாக மூச்சு விட்டு, பின்னாலேயே நடந்தாள்.

"அம்மா, ஒரு நிமிஷம்" என்று கூப்பிட்டார் கடைக்காரர்.

வாசல் பக்கம் நின்றாள்.

"செருப்பை விட்டுட்டுப் போறீங்க."

குனிந்து பார்த்தாள். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. மற்றது மெஷினுக்குப் பக்கத்தில் சாட்சி மாதிரி கிடந்தது.

திரும்பி வந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"தப்புதான் தம்பி. பொய் எடைதான். சொன்னா கேக்க மாட்டேங்கறா, நான் வேற என்ன செய்ய? அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"நான் எதுக்கும்மா சொல்றேன்? ஆனா நீங்க காலை வெச்சிருக்கவே வேண்டாம். இந்த மெஷின்ல ஏற்கெனவே நாலு கிலோ கூட்டித்தான் வெச்சிருக்கேன். விங்சூட்டுனு எந்தப் பிள்ளை வந்து நின்னாலும் அப்படித்தான். நாம சொன்னா கேக்காதுங்க, மெஷின் சொன்னா கேட்டுக்குதுங்க."

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். இவனைப் போயா வாய்க்கு வந்தபடி மனசுக்குள் திட்டினோம்?

"இப்படிச் செய்யணும்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு தம்பி?"

கடைக்காரர் இழுத்து நடக்கிற அந்தக் காலை ஒருமுறை கையால் தடவிக்கொண்டார்.

"எனக்குச் சின்னதை வித்தவர் ரொம்ப நேர்மையானவர்மா. மெஷின் காட்டினதை அப்படியே சொன்னார்."