வாசலின் அகலம்

பேரத்தில் தன்னை அடிக்க ஆளில்லை என்று மார்தட்டியபடிதான், கல்யாண வீடியோக்களை எடிட் செய்யும் மனைவி தமயந்திக்கு அந்தப் பழைய கிராபிக்ஸ் கார்டைத் திருஞானம் வாங்கிவந்தான். எட்டு ஜிபி மெமரி என்றான். அவளுடைய லினக்ஸ் கணினியோ 256 எம்பி என்றது. ஏமாந்துவிட்டான் என்று அந்தப் பூரித்த முகத்திடம் சொல்ல மனசு வராமல், அவள் கார்டைக் கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டு அதை விற்ற கடைக்கே போனாள். கடைக்காரர் நஜீர் பாய் அதைத் தன் கணினியில் செருகி வேறொரு கட்டளையைத் தட்டினார். எட்டு என்றே வந்தது. “நீங்க பாத்த 256, கம்ப்யூட்டர் கார்டுக்குள்ள போய்வர்ற வாசலோட அகலம்மா. உள்ள இருக்கற மொத்த மெமரி, வீட்டோட அளவு, இது.” தமயந்திக்கு வெட்கமாகிவிட்டது. பாய் சிரித்தார். “நேத்து உங்க வீட்டுக்காரரும் இதே 256ஐப் போன்ல படம் புடிச்சுக்கிட்டு, மூஞ்சி செத்து வந்தாரு. உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிட்டுப் போனாரு.” தமயந்தி கார்டைக் குழந்தையைப் போல வாங்கிக்கொண்டாள். “அப்ப அந்தச் சத்தியத்தைக் காப்பாத்துங்க பாய். நான் இங்க வரவே இல்ல.”