காலிக் கட்டம்

முதியோர் இல்லத்தின் பழைய பதிவு மென்பொருளைப் புதிய கணினிகளுக்கு அவள்தான் மாற்றிக் கொடுத்தாள். முதல் நாளே அது பாதியில் நின்றுபோனது.

"பழைய கம்ப்யூட்டர்ல நல்லா ஓடுச்சேம்மா?" என்றார் மேலாளர் போனில்.

"ஏதாவது கட்டம் காலியா இருந்தா பழசு கண்டுக்காது சார். புதுசு அங்கேயே நின்னுடும். யார் பதிவுல நிக்குது?"

"பதினேழாம் ரூம் பெரியவர். உறவினர் பேர் இல்ல. கேட்டா, எனக்கு யாருமில்லைங்கறார்."



"நான் அவர் பொண்ணு சார். பத்து வருஷமா பேச்சில்ல. அவரைப் பார்க்கலாம்னுதான் இந்த வேலையையே கேட்டு வாங்கினேன். என் பேரைப் போடுங்க."

மேலாளர் போய்க் கேட்டுவிட்டு வந்தார்.

"காலியாவே இருக்கட்டும்ங்கறார்மா."

அந்தக் கட்டம் காலியாக இருந்தாலும் நிற்காமல் ஓடும்படி, அவளே திருத்தி எழுதிக் கொடுத்தாள்.