பத்தாம் நம்பர்

"மேடம், நம்ம டீம்ல ஒருத்தியாவது உங்க பேச்சைக் கேக்கறாளா?"

உடற்கல்வி இயக்குநர் ரகுராமின் குரலில் கோபம் இல்லை. இரக்கம்தான் இருந்தது. சாந்தகுமாரிக்கு அதுதான் அதிகம் வலித்தது.

"ஒருத்தி கேக்கறா சார்."

"யாரு?"

"இருக்கா சார்."

ரகுராம் பெருமூச்சு விட்டார். "இந்த சீசன்ல நாலு மேட்ச், மூணு தோல்வி, ஒரு டிரா. சனிக்கிழமை கடைசி மேட்ச். அதுலயும் தோத்தா அடுத்த வருஷத்துக்கு வேற கோச் பாக்கச் சொல்லிட்டாங்க மேனேஜ்மென்ட்ல. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

சாந்தகுமாரி எழுந்து வந்தாள்.

அரக்கோணத்திலிருந்து பெங்களூருக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. கல்லூரிப் பெண்கள் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர் என்று பெயர் என்னவோ பெரிதுதான். விவேக் நகரில் ஒற்றை அறை, ஒரு தட்டு, ஒரு டம்ளர். மைதானத்தில் பதினெட்டுப் பெண்கள் இருந்தும் பேச ஒருத்தி இல்லை. அவர்களுக்குப் பழைய கோச் மௌரீன் என்றால் உயிர். மௌரீன் கனடா போனதற்கு இவள்தான் விசா எடுத்துக் கொடுத்தது போல எல்லோரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

வந்த அன்றே அணியின் பழைய வாட்ஸ்அப் குழுவில் அவளைச் சேர்த்துவிட்டிருந்தார்கள். தினமும் சாயங்காலம் அதில் எழுதுவாள். 'காலை அஞ்சரைக்கு அவரவர் ஏரியாவில் மூன்று கிலோமீட்டர் ஓட வேண்டும். முட்டை சாப்பிட வேண்டும். பத்து மணிக்குள் தூங்க வேண்டும்.' எழுதியது எழுதியபடி கிடக்கும். ஒருத்தி ஒரு கட்டை விரலைக்கூடத் தூக்கிக் காட்ட மாட்டாள்.

ஒரே ஒரு எண்ணிலிருந்து மட்டும், குழுவில் இல்லாமல் தனியாக, பதில் வரும். பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறுமனே '10' என்று போட்டிருக்கும்.

'ஓகே மேடம்.'

மறுநாள் காலை, 'மூணு கிலோமீட்டர் ஆச்சு மேடம். முட்டையும் சாப்ட்டாச்சு.'

மூன்றாவது மேட்ச் தோற்ற அன்று, 'விடுங்க மேடம், அடுத்ததுல பாத்துக்கலாம். நீங்க சாப்டீங்களா?'

அந்தக் கடைசி வரியை எத்தனை தடவை படித்தாளோ, அவளுக்கே தெரியாது. இந்த ஊரில் அவளைச் சாப்பிட்டாயா என்று கேட்டது அந்த ஒரு ஜீவன்தான். ராஜினாமா கடிதம் எழுத உட்கார்ந்தவள், பேனாவை மூடிவிட்டுப் போய் தோசை வார்த்தாள்.

பத்தாம் நம்பர் ஜெர்சி கிருத்திகாவுடையது. ஒல்லிக் குச்சி. எல்லா மேட்சிலும் பெஞ்சின் கோடியில் உட்கார்ந்திருப்பாள். நேரில் பார்த்தால் மட்டும் எதுவும் நடக்காதது போலத் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாள். சாந்தகுமாரிக்கு அது புரிந்தது. பதில் அனுப்புவது தெரிந்தால், 'மேடத்தோட ஜால்ரா' என்று மற்றவர்கள் கிண்டலடித்தே அவளை ஒருவழி பண்ணிவிடுவார்கள். பேச்சை எடுத்தால் வருகிற ஒரே பதிலும் நின்றுவிடுமோ என்று பயந்து இவளும் வாயைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை வந்தது.

"கிருத்திகா, இன்னிக்கு நீ முதல்லேர்ந்தே ஆடற."

கேப்டன் இளவேனில் திடுக்கிட்டாள். "அவளா? மேடம், அவ பிராக்டீஸுக்கே ஒழுங்கா வர்றதில்ல!"

"அவ எப்படின்னு எனக்குத் தெரியும்." சாந்தகுமாரி குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. கிருத்திகா குனிந்து ஷூ லேஸை இறுக்கினாள்.

ஆட்டம் முடிய ஏழு நிமிடம் இருந்தபோது, இரண்டு பேருக்கு நடுவில் புகுந்து பந்தை வலைக்குள் தள்ளினாள் கிருத்திகா. ஒன்றுக்குப் பூஜ்யம். வெற்றி!

பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து கத்தினார்கள், செல்ஃபி எடுத்தார்கள். மேடத்தையும் கூப்பிடலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. சாந்தகுமாரி காலித் தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வேலை நிலைத்த சந்தோஷத்தைப் பங்குபோட ஆளில்லை.

"மேடம்..." கிருத்திகாதான். மூச்சு வாங்க நின்றாள். "ஒண்ணு கேக்கட்டா? எல்லாரையும் விட்டுட்டு என்னை ஏன் எறக்கினீங்க?"

சாந்தகுமாரி சிரித்தாள். "தினம் காலைல நான் சொன்னேன்னு ஓடினியே. அதுக்கு நான் இதுகூடச் செய்ய மாட்டேனா?"

கிருத்திகா பேந்தப் பேந்த விழித்தாள். "ஓடினனா? நானா? எட்டு மணிக்கு எங்கம்மா மூஞ்சில தண்ணி தெளிச்சாதான் மேடம் நான் எழுந்திரிப்பேன். இன்னிக்கு நீங்க அவ்ளோ பேர் முன்னாடி எனக்காகப் பேசினீங்க பாருங்க, அதுக்குத்தான் உயிரைக் குடுத்து ஆடினேன்."

சாந்தகுமாரி அவசரமாகப் போனை எடுத்துக் காட்டினாள். "அப்ப இது உன் நம்பர் இல்லையா?"

"சத்தியமா இல்ல மேடம்."

அவள் போன பிறகு, நாலு மாதத்தில் முதல் முறையாக அந்த எண்ணைக் கூப்பிட்டாள் சாந்தகுமாரி. மறுமுனையில் தையல் மெஷின்கள் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன.

"மேடமா? ஐயோ, ஒரு நிமிஷம், வெளிய வந்துடறேன்!" என்றது ஒரு பெண் குரல். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"யாரும்மா நீ?"

"ரூபினி மேடம். போன வருஷம் பத்தாம் நம்பர் நான்தான். அப்பா படுத்த படுக்கையாயிட்டாரு, காலேஜை விட்டுட்டு இங்க பீன்யால ஒரு கார்மென்ட்ஸ் ஃபேக்டரிக்கு வேலைக்கு வந்துட்டேன். க்ரூப்லேர்ந்து என்னை எடுக்கணும்னு யாருக்கும் ஞாபகமே வரல..." குரல் கொஞ்சம் தயங்கியது. "அது கெடக்கட்டும் மேடம், இன்னிக்கு நாம ஜெயிச்சோமா?"