மேஜை மேல் ஒரு முகம்

ரிட்டயராகும் மேனேஜருக்காக ஆபீஸில் ஒரு சிலை செய்யக் கொடுத்திருந்தார்கள். வேலை எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்க, கேஷியரும் டைப்பிஸ்ட்டும் சிற்பியின் கூடத்துக்குள் நுழைந்தார்கள். சிற்பி உள்ளே கை கழுவிக்கொண்டிருந்தார். மேஜையில், கழுத்துவரை போர்வையோடு, வெள்ளை வெளேரென்று பிளாஸ்டரில் ஒரு முகம் மல்லாந்து கிடந்தது.

“இன்னும் மூக்கும் முழியுமே வரலியே சார்!” என்றாள் டைப்பிஸ்ட்.

“வந்தா மட்டும் என்ன? ஆளே கல்லுதானே!” கேஷியர் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. “அம்மா ஐ.சி.யூ.ல கிடந்தப்ப லீவு கேட்டேன். ‘நீ என்ன டாக்டரா?’ன்னாரு. நான் போறதுக்குள்ள அம்மா போயிட்டாங்க. மூணு வருஷமா நேர்ல கேட்க தைரியம் வரல.” மேஜைப் பக்கம் குனிந்தாள். “நீங்கள்லாம் ஒரு மனுஷனா?”

சிற்பி ஈரக்கையோடு ஓடி வந்தார். “உஷ்! அச்சு இறுக இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு. மேனேஜர் சார், மூச்சு விட சிரமமில்லையே?”

போர்வைக்குள்ளிருந்து ஒரு கட்டைவிரல் மெல்ல உயர்ந்தது.

இருவரும் சட்டென்று சுவரோரம் ஒதுங்கினார்கள்.

அச்சைக் கழற்றிய சிற்பி, அதன் உட்பக்கத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “அசையக் கூடாதுன்னு சொன்னேனே சார்! கண்ணோரமெல்லாம் சுருங்கிப்போச்சு. மறுபடி எடுத்துடலாம்.”

மேனேஜர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“வேண்டாம். இந்த முகமே ஆபீஸ்ல இருக்கட்டும்.”