கடைசி நாலு தாள்

"அண்ணே, பைபிள் கடைசியில நாலு வெள்ளைத் தாள் சேர்த்துத் தைச்சுக் குடுங்க. ஆண்டவர் எங்கிட்ட தினமும் பேசுறார், எழுதி வைக்கணும்" என்று புத்தக பைண்டரிடம் சொன்னாள் தையல்காரி.

பைண்டருக்குச் சுருக்கென்றது. "கடைசிப் புத்தகம் வெளிப்படுத்தலோட வேதம் முடிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் எழுத நீ யாரும்மா?" என்று முணுமுணுத்தபடியே தைத்துக் கொடுத்தார்.

ஒரே வருடத்தில் திரும்பி வந்தாள். பைபிள் தையல் விட்டு, ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது.

"தாள் நிரம்பிடுச்சாக்கும்?" என்று குத்தலாகக் கேட்டபடி பைண்டர் கடைசியைப் புரட்டினார். நாலு தாளும் வெள்ளை வெளேரென்று இருந்தன.

"ஏம்மா, அவர் பேசலையா?"

"தினமும் பேசுறார்ண்ணே. எழுதுறதுக்கு முன்னாடி, ஏற்கெனவே சொல்லியிருக்காரான்னு உள்ள தேடுவேன். ஒவ்வொரு தடவையும் இருக்கு!"

பைண்டர் அந்த நாலு தாளையும் விரலிடுக்கில் பிடித்தார். "அப்போ... இந்தத் தாளை எடுத்துடவா?"

"ஐயோ, வேணாம்ண்ணே! அது இருக்கறதாலதானே தேடுறேன்."

பைண்டர் பசைக் கையைக் கழுவிவிட்டு வந்துதான் மறுபடி அந்தப் புத்தகத்தைத் தொட்டார்.