வளைவு வீட்டு வண்டி

"இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது. பிடிச்சிருந்தா இன்னைக்கே எடுத்துட்டுப் போயிடுங்க" என்றார் அந்த வீட்டம்மா.

கண்ணாடிக் கடைக்காரருக்குச் சுருக்கென்றது.

எதிரே நின்றது, அவர் வருஷக்கணக்காகத் தேடிய கார். இரண்டே கதவு. ஆறு சிலிண்டர். கையால் மாற்றுகிற கியர். புதிதாக வந்த காலத்தில் ஷோரூமுக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. அப்புறம் படுக்கப் போகுமுன் தினமும் போனில் பழைய வண்டி விளம்பரங்கள்தான். "இன்னொருத்தியைப் பார்த்தாக்கூட இவ்வளவு நேரம் பார்க்க மாட்டீங்க. வாங்கித் தொலைங்க" என்று மனைவியே அலுத்துப்போய்ச் சொல்லிவிட்டாள்.

அப்பேர்ப்பட்ட வண்டியை, உடைந்த கட்டிலைத் தள்ளிவிடுகிற மாதிரி பேசுகிறாரே இந்த அம்மா?

"உங்க வீட்டுக்காரர்..."

"உள்ள படுத்திருக்கார். முதுகுல ஆபரேஷன். இடுப்புக்குக் கீழ அசைவு இனிமே வராதுன்னுட்டாங்க."

குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

தெரு வளைவைப் பார்த்த ஜன்னல் திறந்திருந்தது. கட்டிலில் ஒருவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தார்.

கூட்டி வந்திருந்த புரோக்கர் காதோரம் வந்தான். "மனுஷன் உயிரா வச்சிருந்த வண்டி சார். அவர் படுத்த உடனே விக்கக் கிளம்பிட்டாங்க. அதுலயும் என்ன வீம்பு! கேட்ட விலைக்கு மேலயே தர்றேன்னு ஒரு டாக்டர் வந்தார். முடியாதுன்னுட்டாங்க. மனசுல என்ன கணக்கு போடறாங்களோ."

கடைக்காரர் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். ஜில்லென்றிருந்தது. முன்னாடியே ஓட்டிச் சூடாக்கி வைத்து ஏமாற்றவில்லை. குனிந்து தரையில் எண்ணெய்ச் சொட்டு தேடினார். இல்லை. கதவு ரப்பரை விலக்கிப் பார்த்தார். மறுபடி பெயின்ட் அடித்த அடையாளம் இல்லை. டிரைவர் சீட்டின் ஓரம் மட்டும், ஏறி இறங்கி ஏறி இறங்கி, லேசாகத் தேய்ந்திருந்தது.

சாவியைத் திருப்பினார். ஒரே உறுமல். பிறகு மெல்ல அடங்கி ஒரு சீராக நின்றது.

புரோக்கரை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வந்தார். காலியான நீள ரோட்டில் கொஞ்சம் அழுத்தியதும் இன்ஜினின் குரலே மாறியது. புரோக்கர் மேலே இருந்த பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். கடைக்காரர் தன்னையறியாமல் சிரித்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து நிறுத்திய பிறகும் இறங்க மனசு வரவில்லை.

"உங்க வீடு எங்கே தம்பி?" என்று கேட்டார் அந்த அம்மா.

சொன்னார்.

"கடை?"

"கடைத்தெருவுல, தபால் ஆபீசுக்கு எதிர்ல."

"அப்ப எந்த வழியாப் போவீங்க?"

"இந்த வழியாத்தாம்மா. உங்க வீட்டு வளைவைத் தாண்டித்தான் தினமும் போறேன்."

"வண்டியைத் தினமும் எடுப்பீங்களா? இல்ல, உறை போட்டு மூடி வச்சுடுவீங்களா?"

பெண் கேட்டு வந்த மாதிரி இதென்ன விசாரணை? கடைக்காரருக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் அடக்கிக்கொண்டார்.

"மழையோ வெயிலோ, இனிமே இதுலதான் போவேன்."

"அப்ப நீங்களே எடுத்துக்குங்க."

விலையைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கேட்டார். மறுபேச்சில்லாமல் தலையாட்டினார் அந்த அம்மா. அதுவும் கடைக்காரருக்குப் பிடிக்கவில்லை.

"அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகட்டுமா?"

"வேணாம். அவர் இப்ப யார்கிட்டயும் பேசறதில்ல."

வண்டி வாசலை விட்டு இறங்கும்போது அந்த அம்மா ஒரு தரம்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தும் கடைக்காரருக்கு ஆறவில்லை. "கல்நெஞ்சு. நாளைக்கு நான் படுத்துட்டா நீயும் இப்படித்தான் வித்துடுவியா?"

"உங்களையும் சேர்த்தே வித்துடுவேன். ஆனா வண்டியை மட்டும்தான் யாராவது வாங்குவாங்க" என்றாள் மனைவி.

மறுநாள் காலை அந்த வளைவு நெருங்கும்போதே அவருக்கு உறுத்தியது. படுத்திருக்கிறவர் காதில் இந்தச் சத்தம் விழுந்தால் எவ்வளவு வலிக்கும்? முன்னாலேயே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டார். கியரை இறக்கினால் உறுமுமே என்று மூன்றாவதிலேயே, திருடன் மாதிரி, வண்டியை மெல்ல உருட்டிக்கொண்டு ஜன்னலைத் தாண்டினார்.

கடை ஷட்டரைத் தூக்கும்போது போன் அடித்தது. அந்த அம்மாதான்.

மனசு மாறி, வண்டியைத் திருப்பிக் கேட்கப்போகிறாரோ?

"தம்பி, நாளைக்கும் இந்த வழியாத்தானே வருவீங்க?"

"ஆமாம்மா. ஏன்?"



"எனக்கு ஓட்டத் தெரியாது. வச்சிருந்தா அது பாட்டுக்கு ஊமையா நிக்கும், அவரை மாதிரியே. டாக்டர் வீடு ஊருக்கு அந்தக் கோடியில. அவருக்குக் குடுத்தா இந்தப் பக்கம் வரவே வராது. அதான்..."

"அம்மா..."

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததுக்கப்புறம் வாயே திறக்காத மனுஷன் தம்பி. இன்னைக்கு நீங்க போனதும் ஜன்னல் பக்கம் திரும்பினார். 'வளைவுல மூணாவது கியர்ல போறான். நாளைக்கு ரெண்டுக்கு மாத்தச் சொல்லு'ங்கறார்."